சடங்கு தோற்றால் என்ன செய்வது? இன்றைய மதுரையில் நடக்கும் ஆட்டத்துக்கு ஒரு மாந்திரீக சிஸ்டம் வேண்டும்

இரவுக்காவல்

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேரை வைத்து ஒரு ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) நடத்துகிறேன். களம் இன்றைய மதுரை. டிராகன் கிடையாது, வாள் கிடையாது. கேரக்டர்களில் ஒருத்தி பைக்கில் பார்சல் டெலிவரி பார்க்கிறாள். ஒருவர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், இன்னொருவன் மெடிக்கல் ரெப். மை போட்டுப் பார்ப்பது, செப்புத் தகட்டில் எந்திரம் எழுதுவது, கழிப்புக் கழிப்பது எல்லாமே இந்த உலகத்தில் பலிக்கும். சும்மா பலிக்காது, அவ்வளவுதான்.

இப்போதைய விதி இது. டி100, அதாவது 1 முதல் 100 வரை விழும் பகடை உருட்ட வேண்டும். சடங்குத் திறன் 40 என்றால் 40க்குள் விழ வேண்டும். தோற்றால் பத்துமுகப் பகடையில் (டி10) விழும் அளவு அடி, அது உயிர்ப் புள்ளியில் கழியும்.

விளைவு: இரண்டு மாதமாக ஒருத்தரும் சடங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போன வாரம் கிளார்க் தாத்தா துணிந்து ஒரு தகடு எழுதினார். 97 விழுந்தது. அடி 9, உயிர் 8. ஆள் முடிந்தார். அவரை ஆடிய நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு "கிளம்புறேன்டா" என்றார். அந்தக் குரல் ஒரு வாரமாகக் காதில் இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் பயப்பட வேண்டும், ஆனால் பயந்துகொண்டே கையை நீட்டவும் வேண்டும். எப்படி?

ஆறுமுகப்பகடை

97 விழுந்ததில் தப்பில்லை. பகடையிடம் நீங்கள் கேட்ட கேள்வியில்தான் தப்பு. "நடந்ததா, இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இல்லை என்று பதில் வந்தால் கதை அதே இடத்தில் நிற்கிறது, கூடவே அடியும் விழுகிறது. சடங்கு நடக்கட்டும். என்ன விலைக்கு நடந்தது என்பதைப் பகடையிடம் கேளுங்கள்.

மற்ற ஆட்டங்களைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பில் சடங்காகச் செய்தால் 10 நிமிஷம் கூடுதலாக ஆகும், ஸ்பெல் ஸ்லாட் (இத்தனை மந்திரம்தான் போடலாம் என்ற கணக்கு) செலவாகாது. வசதிதான், பயம் துளியும் இல்லை. கால் ஆஃப் கதுலுவில் மந்திரம் போட்டால் புத்தித் தெளிவிலிருந்தே புள்ளி கழியும், ஜெயித்தும் கழியும். ஷேடோரன் 1989இலிருந்து ஒன்றைச் செய்துவருகிறது: எவ்வளவு பலமாக மந்திரம் போடுவது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்கிறார், பலம் ஏற ஏற உடம்பு தாங்க வேண்டிய களைப்பும் ஏறுகிறது. கிணற்றில் எத்தனை படி இறங்குவது என்பது அவர் கையில். உங்கள் தாத்தாவுக்கு அந்தப் படியே இல்லை. ஒரே உருட்டு, ஒரே குழி.

தூத்துக்குடி_உப்பு

மேலே சொன்னதை டி6 (சாதாரண ஆறுமுகப் பகடை) குவியலாகச் செய்யலாமே. எத்தனை பகடை எடுப்பது என்று ஆட்டக்காரர் முடிவு செய்யட்டும். 5, 6 விழுந்தவை பலம். 1 விழுந்தவை வினை. 3 பகடை எடுத்தால் குறைந்தது ஒரு 1 விழ 42% வாய்ப்பு. 6 எடுத்தால் 66.5%. அள்ள அள்ள ஆபத்து. பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இரவுக்காவல்

நேற்று ராத்திரி தனியாக உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கையில் ஆறு பகடையைக் குலுக்கும்போது சடங்கு செய்கிற மாதிரி இல்லை, சீட்டுக் கம்பெனி குலுக்கல் மாதிரி இருக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. சடங்கு என்றால் நேரம் வேண்டும், நடுவில் "போதுமா, இன்னும் போகலாமா" என்று ஒரு தயக்கம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை

எங்கள் அப்பத்தா திருஷ்டி சுற்றுவதைச் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, அவரே கூட்டி வந்த தெருமண் ஒரு சிட்டிகை. வலமாக மூன்று, இடமாக மூன்று. யாரும் பேசக் கூடாது. அப்புறம் நேராக அடுப்பில் போடுவார். மிளகாய் வெடித்துக் கமறினால் "ஒண்ணுமில்ல, சும்மா சளி" என்பார். நெடியே வரவில்லை என்றால்தான் முகம் மாறும். திருஷ்டி இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பயம் மிளகாய் அடுப்பில் விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருப்போம். தோற்றதா ஜெயித்ததா என்பது இல்லை, ஒரு அடையாளம் தெரிகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். உங்கள் விதியில் அந்தக் காத்திருப்பு எங்கே இருக்கிறது?

தாயக்கட்டம்

வெளிநாட்டுப் பகடையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? தாயக்கட்டையை எடுங்கள்.

தெரியாதவர்களுக்கு: பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளி. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து உருட்டும் அந்தச் சத்தமே பாதி மந்திரம். கூட்டுத்தொகை 1 என்றால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

இதை அப்படியே சடங்குக்கு மாற்றுங்கள். விழுந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சின்ன வேலைக்கு 3, நடு வேலைக்கு 6, பெரிய வேலைக்கு 12 எட்ட வேண்டும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு உருட்டு சும்மா கிடைக்கும், ஆனால் அது *கட்டாயம்*. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சும்மா கிடைத்ததற்கு ஒரு கடன் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த உருட்டை உருட்டியது நீங்கள் இல்லை. 2, 3, 4 விழுந்து இலக்கு எட்டவில்லையா? அங்கே நிறுத்திக்கொண்டு எழுந்துவிடலாம், அல்லது காணிக்கை ஒன்று வைத்துவிட்டு மறுபடி உருட்டலாம். உங்கள் தயக்கம் அங்கே வந்துவிட்டது.

இரவுக்காவல்

ஐயோ. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! ஆனால் செல்போன் கடைக்காரனை ஆடும் நண்பன் இப்போது வேலைக்காகக் கோவையில் இருக்கிறான், வீடியோ காலில்தான் ஆடுகிறான். பித்தளைக் கட்டைக்கு அவன் எங்கே போவான்?

ஆறுமுகப்பகடை

டி4 (நாலுமுகப் பகடை) இரண்டு எடுக்கச் சொல்லுங்கள். 4 விழுந்தால் வெறுமை. அச்சு அசலாக அதே கணக்கு.

கணக்கையும் போட்டுவிட்டேன், தூக்கம் வரவில்லை. மொத்தம் 16 சேர்க்கைகள். 3 விழுவது நாலு விதம், 2க்கும் 4க்கும் மும்மூன்று, 1க்கும் 5க்கும் இரண்டிரண்டு, 6க்கும் 12க்கும் ஒவ்வொன்று. ஆக, கட்டாய மறு உருட்டு 16இல் 6, அதாவது 37.5%.

சின்ன வேலை, இலக்கு 3: முதல் உருட்டிலேயே 2 விழுந்தால் மட்டும்தான் குறைவில் நிற்கும். காணிக்கை இல்லாமலே 81% நடந்துவிடும். நடு வேலை, இலக்கு 6: காணிக்கை இல்லாமல் 29%தான். பெரிய வேலை, இலக்கு 12: சுமார் 13%. அதாவது வீட்டு வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும். ஒருத்தரை ஊரை விட்டு ஓட்ட வேண்டும் என்றால் கையில் இருப்பதை எடுத்து வைத்தாக வேண்டும். எனக்கு இந்த வளைவு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரு யோசனை சேர்க்கிறேன். இலக்கு 6, உங்களிடம் 5 இருக்கிறது, அந்த 5க்கான கட்டாய உருட்டில் 12 விழுகிறது. 12க்கும் கட்டாய உருட்டு உண்டு, அதை விட்டாலே மொத்தம் 17. மிச்சம் 11 எங்கே போகும்? பக்கத்தில் இருக்கிறவர் மேல் வழியட்டும். வேலை நடக்காமல் போவதைவிட, வேண்டியதற்கு மேல் நடந்துவிடுவது பயங்கரம்.

தூத்துக்குடி_உப்பு

என் டி6 தோற்றது என்று ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் வழிவது பிரமாதம். ஆயுத பூஜை முடிந்த ராத்திரி ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் பைக் சறுக்கி விழுந்தவன் நான். முழங்கை இன்னும் மழைக்கு வலிக்கும். எவன் வீட்டுத் திருஷ்டியோ என் கையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

மேலே உப்பு சொன்னதுதான் உங்கள் ஆட்டத்தின் மையம் என்று நினைக்கிறேன். கழிப்பு முச்சந்தியில் கிடந்தால் தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்ந்தோம். மிதித்தவரிடம் அது போய்விடும் என்றார்கள். அப்படியானால் கடன் பட்ட கேரக்டர் அதை முச்சந்தியில் இறக்கி வைக்கலாம் என்று ஒரு விதி எழுதுங்கள். காலையில் முதலில் மிதிப்பவர் யார் என்பதை ஜி.எம்., அதாவது ஆட்டம் நடத்துகிறவர், சொல்வார். பால் பாக்கெட் போடும் பையனாக இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். இறக்கி வைக்க எந்தத் தடையும் வேண்டாம், எந்த உருட்டும் வேண்டாம். சுலபமாக இருக்கட்டும்.

தாயக்கட்டம்

சுலபமாக இருப்பதுதான் கொடுமை. எழுதிக்கொள்ளுங்கள் காவல்.

ஆனால் மதுரையில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் இல்லாத முச்சந்தி எங்கே இருக்கிறது? தூங்கா நகரம். கழிப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே டீக்கடையில் ஆறு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கீழவாசல்_வாசகன்

உற்சாகத்துக்கு நடுவில் தண்ணீர் ஊற்றுவதாக நினைக்க வேண்டாம். மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பில்லி சூனியம் நமக்கு டிராகன் மாதிரி கற்பனைச் சரக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி செய்வினை வைத்துவிட்டாள் என்ற பேச்சில் உறவு அறுந்த குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். மகாராஷ்டிரத்தில் இதற்கென்றே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்காகப் பல வருஷம் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அது நிறைவேறியது. மனிதப் பலி, குழந்தை, புதையல் என்கிற பக்கமே ஆட்டக்காரர்களுக்குத் திறக்க வேண்டாம்.

இரண்டாவது, மந்திரவாதி என்றவுடன் ஒரு குறிப்பிட்ட சாதி ஆளையோ மலையில் இருப்பவரையோ வில்லனாக்கும் பழக்கம் நம் சினிமாவில் புளித்துப்போனது. சாமியாடிகளும் கோடாங்கிகளும் ஊரில் மரியாதைக்குரியவர்கள். சடங்கு தெரிந்தவர் உங்கள் ஆட்டத்தில் ஒரு ஆடிட்டராக இருக்கட்டுமே.

மூன்றாவது கொஞ்சம் சின்னது. சித்தர் மரபில் சொல்லும் எட்டுக் கர்மங்கள், அதாவது எட்டு வகை மாந்திரீக வேலைகள் இருக்கின்றன: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் (ஆளைக் கொல்வது). வேலைகளை வகைப்படுத்த இது கச்சிதமான பட்டியல். ஆனால் முதல் இரண்டையும் ஆட்டக்காரர் கையில் கொடுக்காதீர்கள். ஒருத்தர் மனசை அவருக்குத் தெரியாமல் திருப்புவது மேஜையில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு எப்படிப் படும் என்று யோசியுங்கள்.

இரவுக்காவல்

மூன்றும் சரி. மாரணமும் வசியமும் எதிராளிகளிடம்கூட இருக்காது, அந்தப் பக்கங்கள் கிழிந்த ஏடாக வைத்துவிடுகிறேன். ஆடிட்டர் யோசனையை உடனே திருடிக்கொள்கிறேன். மார்ச் மாசம் மட்டும் அவர் சடங்கு செய்ய மாட்டார்.

பனிப்புலம்

நாங்கள் டொராண்டோவில் விளையாடுறம், ஊர் யாழ்ப்பாணம். எங்கட பேஸ்மென்ட்டில் சாம்பிராணி போட்டாலே ஸ்மோக் அலாரம் அடிக்கும், மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்திடுவார். அதனால் ஒரு கேள்வி. இடம் மாறினால் சடங்கு மாறுமா? வேப்பிலைக்குப் பதில் மேப்பிள் இலை சரிவருமா? பகிடியாகத்தான் கேட்கிறன், ஆனால் பதில் வேணும்.

ஆறுமுகப்பகடை

மாற்றுப்பொருள் வைத்தால் இலக்கில் 1 கூட்டுங்கள். மேப்பிள் இலைக்கு 2. அலாரம் அடித்தால் சடங்கு கலையும், ஆனால் சடங்குக்கு முன் கட்டிய காப்பு கையிலேயே இருக்கும், அதுதான் உங்களுக்குத் தலைவலி.

இதோடு சேர்த்து, சடங்கை யாராவது நேரிலோ சிசிடிவியிலோ பார்த்துவிட்டால் என்ன என்பதையும் முடித்துவிடலாம். மேஜ் என்ற ஆர்.பி.ஜி.யில் (1993) விவரம் தெரியாதவர்கள் கண்முன் அப்பட்டமாக மாயம் செய்தால் யதார்த்தம் திருப்பி அடிக்கும். இன்றைய ஊருக்கு அது அருமையாகப் பொருந்தும் விதி, ஆனால் நான் தலைகீழாக்குவேன். பார்த்தவரும் சடங்கில் சேர்ந்துவிடுகிறார். மிச்சம் வழியும்போது கேமராவில் பிறகு பார்த்தவருக்கும் ஒரு பங்கு. வீடியோவை ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் செய்தால்? அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி_உப்பு

தட்சிணையை ஜிபேயில் அனுப்பலாமா?

தாயக்கட்டம்

கூடாது. கையிலிருந்து கைக்குப் போக வேண்டும், போனது கனமாக இருக்க வேண்டும். சில்லறை இல்லை என்று கேரக்டர் ராத்திரி கடை கடையாக அலைவதே ஒரு நல்ல காட்சி.

இரவுக்காவல்

ஞாயிறு ஆட்டத்துக்கு முன் எழுதி வைத்ததைப் போடுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

சடங்குக்கு முன்னால் காப்புக் கட்ட வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பார்களே, அதே மாதிரி. அவிழ்க்கும்வரை கேரக்டர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மெடிக்கல் ரெப் திருநெல்வேலிக்கு மீட்டிங் போக வேண்டியவன், இப்போதே முழிக்கிறான். காப்போடு எல்லை தாண்டினால் ஒரு கடன்.

உருட்டும் விதம் மேலே தாயக்கட்டம் சொன்னபடி. இலக்கை ஜி.எம். முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. மிச்சம் வழிந்தால் யார் மேல் வழியும் என்பதையும் உருட்டும் முன்பே சொல்ல வேண்டும். "இந்தத் தெருவில் இப்போது விழித்திருப்பவர்கள்" என்று சொன்னால் போதும். தாத்தா செத்தபோது எனக்கு உறுத்தியது இதுதான். அவர் எதில் கை வைக்கிறார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

காணிக்கை கேரக்டருக்குச் சொந்தமானதாக, திரும்பி வராததாக இருக்க வேண்டும். பணம் செல்லாது. முடி செல்லும், ஒரே ஒரு முறை. அடுத்த அமாவாசை வரை உப்பில்லாச் சாப்பாடு செல்லும். உயிர்ப் புள்ளி என்பதையே எடுத்துவிட்டேன், சடங்கில் இனி யாரும் அடிபட்டுச் சாக மாட்டார்கள். கடன் அமாவாசைக்கு அமாவாசை ஒன்று ஏறும், தீர்க்கும்வரை. வெள்ளிக்கிழமையின் முச்சந்தி விதி அப்படியே இருக்கிறது.

கீழவாசல்_வாசகன்

சாக மாட்டார்கள் என்றால் பயம் குறையாதா?

வெள்ளிக்கிழமை

செத்தால் அடுத்த வாரம் புதுக் கேரக்டர் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். மொட்டைத் தலையோடும் கடனோடும் வாழ்வதுதான் கஷ்டம்.

இரவுக்காவல்

ஆட்டம் முடிந்து இப்போதுதான் எல்லோரும் போனார்கள். மணி பன்னிரண்டரை. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

டெலிவரி பார்க்கும் பெண்ணின் தம்பி காணாமல் போய் மூன்று வாரமாகிறது, ஆட்டத்தில். வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது என்று முடிவு. இடம் கீழமாசி வீதிப் பக்கம் மூடிய ஒரு மளிகைக் கடை வாசல். இலக்கு 6 என்று சொன்னேன். மிச்சம் யார் மேல் வழியும் என்று கேட்டாள். எதிரே டீக்கடையில் நிற்பவர்கள் என்றேன். எட்டிப் பார்க்கிற மாதிரி மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், அங்கே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

முதல் உருட்டு 4. நின்றுவிட்டது. இன்னும் 2 வேண்டும்.

இங்கேதான் மேஜை அமைதியானது. மெடிக்கல் ரெப் "எழுந்துரு, வேற வழி பாப்போம்" என்றான். அவள் கொஞ்ச நேரம் கட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், உருட்டவில்லை. அப்புறம் சொன்னாள்: "எங்கம்மா கடைசியா அனுப்பின வாய்ஸ் மெசேஜ். சாப்டியானு கேக்கும். அத வைக்கிறேன்." கேரக்டரின் அம்மாவைத்தான் சொன்னாள். இறந்துபோனவர் என்று முதல் நாளே கேரக்டர் தாளில் எழுதியிருந்தாள், நான்கூட மறந்திருந்தேன். வாட்ஸப்பில் அது அழியும், யாருக்கும் அந்தக் குரல் இனி ஞாபகமும் வராது என்றேன். தெரியும் என்றாள்.

உருட்டினாள். இரண்டும் வெறுமை. 12.

யாரோ கைதட்டப் போய் பாதியில் நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அடுத்த உருட்டு கட்டாயம். ஒரு கடன் எழுதினோம். 3 விழுந்து நின்றது. மொத்தம் 19. மிச்சம் 13.

மையில் தம்பி தெரிந்தான், வைகைப் பாலத்துக்கு அடியில், ஒரு வேனுக்குள், உயிரோடு. தெரிந்தது அவன் மட்டும் இல்லை. டீக்கடையில் நின்ற ஒவ்வொருத்தருக்கும் அவர்களிடம் இருந்து காணாமல் போனவர்கள் கையிலிருந்த டீயில் தெரிந்தார்கள். மாஸ்டர் பாய்லரை அணைக்காமலே கடையை விட்டு இறங்கி வடக்கே நடக்க ஆரம்பித்தார். அவர் மகன் போய்ப் பதினோரு வருஷம். இப்போது ஆட்டக்காரர்கள் நாலு பேரும் தம்பியைத் தேடுவதா, மாஸ்டர் பின்னால் போவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிளார்க் தாத்தாவை ஆடியவர் இன்று ஆடிட்டராக வந்தார். கடனை முச்சந்தியில் இறக்கிவிடலாமே என்று மெதுவாக எடுத்துச் சொன்னதும் அவர்தான். அவள் பதில் சொல்லவில்லை.

தாயக்கட்டம்

13ஐ ஒரே தெருவில் கொட்டிவிட்டீர்களே! பாதியை வைத்திருந்தால் ஒரு மாசத்துக்குக் கதை ஓடியிருக்கும்.

இரவுக்காவல்

ஆறு பேருக்குத் தலைக்கு இரண்டு கொடுத்தேன். மீதி ஒன்று இருக்கிறது. எதிர்க் கட்டிடத்து சிசிடிவி பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஆறுமுகப்பகடை

கேட்க மாட்டார்கள். நீங்களும் சொல்லாதீர்கள். அமாவாசை எப்போது?

இரவுக்காவல்

ஆட்டத்தில் இன்னும் நாலு நாள். மெடிக்கல் ரெப்புக்குத் திருநெல்வேலி மீட்டிங் மூன்றாம் நாள். சடங்கில் கூட உட்கார்ந்ததால் அவன் கையிலும் காப்பு இருக்கிறது.